பன்னிரண்டாவது பாரை

1

“உன்ர மீனில வெடி கிடக்கு, அமிர்தநாயகம். நான் சும்மா சொல்லேல்லை.”

“சொல்லு. இன்னும் சத்தமாச் சொல்லு. ஸ்டேசன் வரைக்கும் கேக்கட்டும்.”

“சனிக்கிழமை சங்கம் கூடும். வெடி மீன் எண்டு முடிவானா உன்ர போட் இந்தத் துறையில ஏறாது. அதையும் சொல்லிப்போட்டன்.”

கதை இந்த இடத்தில் தொடங்குகிறது. ஏனென்றால் நான் கேட்கத் தொடங்கியது இந்த இடத்தில்தான். அதற்கு முன்னர் கால் மணித்தியாலமாவது கத்தியிருப்பார்கள். அது எனக்குக் கிடைக்கவில்லை. பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் எங்கள் தண்ணீர்த் தாங்கிக்கு ஏணி வைத்து ஏறினேன், உள்ளே மிதவை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க. ஆறு வருடமாக அந்த மிதவையை அக்கறையாகப் பார்த்துவருகிறேன். அதற்கு ஒரு நாளும் ஒன்றும் நடந்ததில்லை.

தாங்கியின் மேலிருந்து பார்த்தால் அமிர்தநாயகத்தின் முற்றம் முழுவதும் தெரியும். அன்று வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. முற்றத்தின் நடுவில் ஒரு நீல பேசின், அதற்குள் பதினொரு பாரை மீன். ஒரு பக்கம் அமிர்தநாயகம்: அறுபத்தொரு வயது, ஒரு போட், அந்தத் துறையை விட்டால் வேறு தொழிலும் இல்லை, வேறு கதையும் இல்லை. மறுபக்கம் துறைச் சங்கத் தலைவர் யாகப்பர். ஒரு மீனின் கண்ணில் ரத்தம் கட்டியிருந்ததை அவர் கரையில் கண்டுவிட்டார். டைனமைற் போட்டுப் பிடித்தால் கண் அப்படித்தான் சிவக்கும் என்றார். குசினி வாசலில் அகப்பையோடு செலீனா, அமிர்தநாயகத்தின் மனைவி. அவளுக்குப் பின்னால், கழுத்தில் ஹெட்போன் தொங்க, மகள் கிருஷிகா.

யாகப்பர் மகளைக் கண்டதும் குரலைக் குறைத்தார். “இந்தா, உன்ர மோளே நிக்கிறா. அவ வெளிநாட்டில வெடியைத்தானே எக்ஸ்ரே எடுத்துப் பாக்கிறவ. அவவே பாத்துச் சொல்லட்டும். நான் கேக்கிறன்.”

இந்த ஊர் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது. செய்தது செலீனா. பூசை முடிந்து வரும்போது சனம் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்க, அவள் சுருக்கமாக, “பிள்ளை வெடியை எக்ஸ்ரே எடுக்குது” என்று சொல்லிவைத்தாள். அதை முருங்கன் ஆஸ்பத்திரி வரிசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது நான். மூன்று வருடத்தில் கிருஷிகா, தான் அறியாமலே, வெடி வழக்குகளுக்குச் சாட்சி சொல்லும் நிபுணியாகியிருந்தாள்.

“மாமா, நான் செத்த மீன் பாக்கிற ஆள் இல்லை,” என்றாள் கிருஷிகா. “அடி விழுகிற நேரத்தில பாக்கிற ஆள். அடி விழுந்து முடிஞ்சாப் பிறகு உங்களுக்கும் எனக்கும் ஒரே கண்தான்.”

“அப்ப ஏலாதோ?”

“ஏலும். ஆனா ஒண்டோட ஒண்டை வைச்சுத்தான் பாக்கலாம். தூண்டில்ல பிடிச்ச பாரை ஒண்டு வேணும். வெடியில செத்தது எண்டு நிச்சயமாத் தெரிஞ்ச பாரை ஒண்டும் வேணும். ஆர் கொண்டுவாறீங்கள்?”

சத்தம் கேட்டு வந்தவர்களோடு முற்றத்தில் எட்டுப் பேர் நின்றார்கள். முதலாவதைத் தருவதற்கு மூன்று பேர் கை தூக்கினார்கள். இரண்டாவதைக் கேட்டபோது ஒருவரும் மூச்சு விடவில்லை. வெடி மீன் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்றுதான் ஒருவருக்கும் தெரியாது.

2

இதை வேறு மாதிரி ஆரம்பிக்கப் பார்த்தேன். வாசகர் முன்னால் மறைக்க வேண்டியதில்லை. கொப்பியில் வெட்டியவை இவை:

கடல் அன்று

(இல்லை. இந்தக் கரையில் எழுதுகிற எல்லோரும் கடலில்தான் ஆரம்பிக்கிறார்கள். கடலுக்கும் அலுத்திருக்கும்.)

மூக்குக்கண்ணாடியை உயர்த்திவிட்டு விஞ்ஞானி கிருஷிகா திரையை உற்றுப்பார்த்தாள்; அவளுடைய

(கிருஷிகா கண்ணாடி போடுவதில்லை. விஞ்ஞானி என்றதும் என் கை தானாகப் போட்டுவிட்டது. கழற்றிவிட்டேன்.)

ஒரு தாய் அறிந்திருந்தாள்.

(இது உண்மை. ஆனால் இதை முதலிலேயே வைத்தால் பிறகு நான் எதைச் சொல்லிப் பிழைக்கிறது?)

ஆகவே சண்டையில் ஆரம்பித்தேன். இனிமேல் செலீனாவின் பக்கத்தில் நின்று சொல்லப்போகிறேன். காரணம் இலக்கியம் ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் எனக்கு எல்லாவற்றையும் சொல்லுகிற ஆள் அவள் ஒருத்திதான். அவள் எனக்குச் சொன்னதையும் நான் தாங்கியிலிருந்து கண்டதையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். தையல் தெரிகிற இடத்தில் தெரியட்டும்.

3

கிருஷிகாவுக்கு இருபத்தொன்பது வயது. பிரான்சில் ஒரு மலையடி நகரத்து ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி மாணவி. பெருநாளுக்கு வந்த இடத்தில் விசாக் கடுதாசி கொழும்பில் சிக்கிவிட்டது. ஒரு வருடம் வரிசையில் நின்று வாங்கிய பரிசோதனை வாரம் அவள் இல்லாமலே அங்கே தொடங்கிவிட்டது. ஆகவே தினமும் மதியம் ஒன்றரையிலிருந்து ஐந்தரை வரை, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, இணையத்தின் வழியாக அவள் அங்கே வேலை செய்தாள். ஒவ்வொரு அடிக்கும் பிறகு வரும் கோட்டைப் பார்த்து அது நல்லதா, கெட்டதா, சந்தேகமா என்று மூன்று நிரல்களில் ஒன்றில் போடுவது அவள் பொறுப்பு.

முதல் நாளே என் வீட்டுப் படலையில் வந்து நின்றாள். நாங்கள் தண்ணீர் மோட்டர் போட்டால் அவர்களுடைய கரண்ட் இறங்கி இணையப்பெட்டி அணைந்துபோகிறதாம். அந்த நாலு மணித்தியாலமும் போடாமல் இருக்க முடியுமா என்று கேட்டாள். பெரிய தியாகம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சம்மதித்தேன். மோட்டர் ஓடாவிட்டால் பக்கத்து வீட்டில் வெங்காயம் உரிக்கிற சத்தமும் கேட்கும் என்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.*

* இந்தக் கதை முழுவதும் அந்த அமைதியின் தயவில் எழுதப்பட்டது. இதை நினைவில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

செலீனா மகளுக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு விளங்கிய வரைக்கும் விசயம் இதுதான். நகத்தின் தடிப்பில் நூறில் ஒரு பங்கு இருக்கிற இரும்புத் தகடு. அதை லேசரால் அடிக்கிறார்கள். அடி விழுந்த பக்கம் ஆவியாகிப் பறக்கும். அந்த உதைப்பில் ஓர் அதிர்ச்சி அலை தகட்டுக்குள் ஓடும். பூமியின் வயிற்றுக்குள் இருக்கிற நெருக்கம் அந்தக் கணத்தில் அந்தத் தகட்டுக்குள் இருக்கும். ஒரு செக்கனை நூறு கோடி துண்டாக்கினால் அதில் ஒன்றிரண்டு துண்டு நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் எக்ஸ் கதிரை ஊடாக விட்டு, எந்தச் சக்தியில் எவ்வளவு கதிரை இரும்பு விழுங்கியது என்று பார்க்க வேண்டும். அந்த விழுங்கல்தான் நிறமாலை. திரையில் ஒரு கோடாக விழும்.

முதலில் சுவர் மாதிரிச் செங்குத்தாக ஏறும். சுவருக்குப் பிறகு சின்னச் சின்ன மேடுகள். இரும்பின் அணுக்கள் வரிசையாக நின்றால் மேடுகள் தெளிவாக இருக்கும். நெருக்கினால் இடம் தள்ளும். உருகினால் மழுங்கிப்போகும். தகடு மிஞ்சாது. கோடு மட்டும் மிஞ்சும்.

“இது முந்தின முருங்கன் றோட்டு,” என்றாள் செலீனா.

“ஓம் அம்மா. மேடு பள்ளம் நிரவுப்பட்டா உருகிட்டுது எண்டு அர்த்தம்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் பிறகு செலீனா கேட்பாள்: “றோட்டுப் போட்டாச்சோ?” ஒரு நாள் மகள் ஒலிவாங்கியை மூட மறந்துபோனாள். அதற்குப் பிறகு பிரான்சிலிருந்தும் ஒரு குரல் தினமும் கேட்டது, அம்மா என்ன சொல்கிறார் என்று.

இன்னொன்று. அடிப்பதற்கு முன்னர், அதே தகட்டை, அதே இடத்தில், அடிபடாமல் ஒருமுறை எக்ஸ் கதிரில் பார்ப்பார்களாம். அடிபடாத கோடு இல்லாவிட்டால் அடிபட்ட கோட்டுக்கு அர்த்தம் இல்லை. முற்றத்தில் அவள் இரண்டு மீன் கேட்டது அந்தப் பழக்கத்தில்தான். விஞ்ஞானம் என்று நினைத்துக் கேட்டாள். அது ஒரு துறையையே வாயடைக்கச் செய்யும் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

(தெரிந்திருக்குமோ? இந்த இடத்தில் என் பாத்திரத்தை நான் சந்தேகிக்கிறேன். அவளும் இந்தத் துறையில் வளர்ந்த பிள்ளைதானே.)

4

வெடி மீன் வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. ஆதம்பாவா கொண்டுவந்தார். ஐஸ் லொறியில் மீன் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பும் வியாபாரி. இந்தக் கரையில் எந்த மீன் எப்படிச் செத்தது என்று அவருக்குத் தெரியாதது இல்லை. படலையடியில் ஒரு பொலித்தீன் பையை வைத்துவிட்டு, செலீனாவிடம் மெதுவாகச் சொன்னார்:

“தங்கச்சி, இது வெடி மீன். ஆரின்ர எண்டு மட்டும் கேக்காதேங்கோ. சொன்னா நாளைக்கு எனக்கு மீன் தர ஆள் இல்லை.”

“நான் கேக்கேல்லை நானா.”

“பக்கத்து வீட்டு அக்காவும் கேக்கப்படாது,” என்றார், தலையை உயர்த்தாமலே. நான் மிதவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மீனும் அப்போது சங்கக் கட்டடத்து ஐஸ் பெட்டியில் இருந்தன. பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு திறப்பு யாகப்பரிடம், மற்றது அமிர்தநாயகத்திடம். இருவரும் ஒரே துறையில் நாற்பது வருடம் வலை உலர்த்தியவர்கள். யாகப்பரின் மகன் றொட்னிக்குக் கிருஷிகாவைக் கேட்டு வந்ததும் உண்டு. நாலு வருடத்துக்கு முன்னர். படிப்பு முடியட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் படிப்பு இன்னும் முடியவில்லை.

அன்று மாலை நாலு மணிக்குப் பதினேழாவது அடி விழுந்தது.

செலீனா முதலில் கண்டாள். “இந்தமுறை றோட்டுப் போட்டாச்சு,” என்றாள். கோடு மழமழவென்று கிடந்தது. ஆனால் லேசரை அளக்கிற மானி, அந்த அடி வழமையில் பாதிதான் என்று காட்டியது. பாதி அடியில் இரும்பு உருகக்கூடாது. பிரான்சிலிருந்து ஆய்வுகூடப் பெரியவரின் குரல் வந்தது: அடி பிழைத்துவிட்டது, அந்த ஒன்றை எறிந்துவிட்டு அடுத்ததுக்குப் போவோம். கிருஷிகா சந்தேக நிரலில் போட்டாள். சந்தேகத்தைக் கட்டுரையில் அச்சடிக்க முடியாது என்றார் அவர். அச்சடிக்காவிட்டாலும் பரவாயில்லை, நான் அழிக்கமாட்டேன் என்றாள் இவள். மரியாதையான ஆங்கிலத்தில் பத்து நிமிடம் சண்டை பிடித்தார்கள். நான் கண்ட சண்டைகளிலேயே சுவையில்லாதது அது.

“அந்த ஒண்டை எடுத்துப்போட்டா என்ன பிள்ளை?” என்று செலீனா கேட்டாள். “மிச்சம் எல்லாம் நல்லாத்தானே கிடக்கு.”

“எடுத்தா மிச்சம் எல்லாம் இன்னும் அழகா இருக்கும். ஆனா பிறகு மிச்சத்தையும் நான் நம்பமாட்டன் அம்மா.”

செலீனா வெங்காயத் தட்டை மடிக்கு இழுத்தாள். உரித்த வெங்காயத்தையே திரும்ப எடுத்து உரித்துக்கொண்டிருந்தாள்.

5

ஏன் என்று இப்போது சொல்ல வேண்டும். வெட்டிய ஆரம்பங்களில் மூன்றாவதை எடுத்து இங்கே ஒட்டுகிறேன்:

ஒரு தாய் அறிந்திருந்தாள்.

வியாழன் காலை ஆறரைக்கு அமிர்தநாயகம் கொண்டுவந்தது பதினொரு மீன் இல்லை, பன்னிரண்டு. யாகப்பர் படலை திறக்க முன்னரே, போட்டிலிருந்து நேரே புருசன் கையில் தூக்கிவந்த ஒன்றைச் செலீனா கறிக்கு எடுத்துவிட்டாள். வயிற்றைக் கீறியதும் கத்தி நின்றது. முள்ளந்தண்டின் கீழே கருஞ்சிவப்பாக ரத்தம். தண்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. காற்றுப்பை கிழிந்து நூல் நூலாகக் கிடந்தது. நாற்பது வருடம் மீன் வெட்டிய கைக்கு எக்ஸ் கதிர் தேவையில்லை.

மூன்று தரம் கழுவினாள். புளியும் தேங்காய்ப்பாலும் விட்டுக் கறியாக்கினாள். மத்தியானம் வால்துண்டைப் புருசனின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டார். அவள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. கல்யாணம் கட்டி முப்பத்திரண்டு வருடமானால் கேட்காததும் ஒரு கேள்விதான்.*

* இதே கறியில் ஒரு கிண்ணம் வேலிக்கு மேலால் எனக்கும் வந்தது. நான் சாப்பிட்டேன். நல்ல கறி. வழக்கின் தடயத்தில் ஒரு பகுதி இந்தக் கதையை எழுதுகிற ஆளின் வயிற்றில் போனது என்பதை நேர்மையாகப் பதிந்துவைக்கிறேன்.

மீன் வெடியில் செத்தது. அதை அமிர்தநாயகம் வெடிவைத்துப் பிடித்தாரா என்பதுதான் அவளுக்குத் தெரியாது. வெடித்தார் என்றால் துறை போகும். துறை போனால், சாப்பாட்டுக்கு அப்பால், காலையில் எழும்பி எந்தப் பக்கம் நடப்பது என்றே அந்த மனிதருக்குத் தெரியாது. நாளைக்குச் சங்கத்தில் மீனை வெட்டப்போவது அவளுடைய கை. கத்தி பிடிக்க யாகப்பரும் அமிர்தநாயகமும் ஒத்துக்கொண்ட ஒரே ஆள் அவள்.

6

சனிக்கிழமை, ஆறு மணிக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது. சங்கக் கட்டடத்துச் சீமெந்து மேசையில் வாழையிலை விரித்திருந்தார்கள். பதினொரு மீனோடு தூண்டில் மீன் ஒன்று, வெடி மீன் ஒன்று, ஆக மொத்தம் பதின்மூன்று. கிருஷிகாவும் செலீனாவும் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நிற்க, யாகப்பர் மீன்களைக் கலந்து, வால்களில் இலக்கம் எழுதிய மட்டைத்துண்டுகளை வலைநூலால் கட்டினார். எது எது என்ற பட்டியல் அவருடைய சட்டைப்பையில். வெட்டுகிறவளுக்கும் தெரியாது, எழுதுகிறவளுக்கும் தெரியாது.

அந்தக் காரியத்தில் எல்லோருக்கும் ஒரு ருசி வந்துவிட்டது என்பதைச் சொல்ல வேண்டும். துறையே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. பாரையின் வயிற்றுக்குள் காற்றுப்பை எங்கே இருக்கிறது என்று ஆயிரம் மீன் கண்டவர்கள் முதல்முறை மாதிரிக் குனிந்து பார்த்தார்கள். நான் கதவடியில் ஒரு கதிரை பிடித்திருந்தேன்.

செலீனா ஒவ்வொன்றாகக் கீறினாள். கிருஷிகா கொப்பியில் மூன்று நிரலில் குறித்தாள்: முறிந்தது, முறியாதது, சந்தேகம். பதின்மூன்றும் முடிய யாகப்பர் பட்டியலை விரித்தார். தூண்டில் மீன் முறியாத நிரலில் இருந்தது. ஆதம்பாவாவின் மீன் முறிந்த நிரலில் இருந்தது. இரண்டும் சரி. அதாவது மிச்சத்தையும் நம்ப வேண்டியதுதான்.

“அப்பாவின்ர பதினொண்டில ஒன்பது நல்ல மீன்,” என்று வாசித்தாள். “ரெண்டு வெடி மீன்.”

அமிர்தநாயகம் நிலத்தைப் பார்த்தார்.

கிருஷிகா குரலை மாற்றாமல் தொடர்ந்தாள். வெடி வைத்திருந்தால் எல்லாம் முறிந்திருக்கும். இது வலையில் பட்ட ஒன்பதும் வேறு எங்கோ செத்து மிதந்த இரண்டும் மாதிரி இருக்கிறது என்றாள். சனம் முணுமுணுத்தது. மிதந்த மீனைப் பொறுக்குவதும் சங்கத்தில் குற்றம்தான். பொறுக்க ஆள் இருந்தால் வெடிக்க ஆள் வரும் என்று யாகப்பரே கொண்டுவந்த சட்டம்.

ஆனால் யாகப்பர் முகத்தில் வென்ற களை இல்லை. மிதந்தது என்ற சொல்லோடு அவர் வேறு மனிதராகிவிட்டார். “ரெண்டு மீன்தானே,” என்றார். “பெட்டியில நெரிபட்டு முறிஞ்சிருக்கும். ஐஸ் கட்டி விழுந்திருக்கும். சந்தேகத்தில போடு பிள்ளை. விடுவம்.”

எல்லோரும் மூச்சு விட்டார்கள். நானும் விட்டேன். துறை தப்பியது, நாற்பது வருடச் சிநேகிதம் தப்பியது. வியாழன் காலை மீன் மிதந்த பக்கம் யாருடைய போட் நின்றது என்ற கேள்வியும், பிறக்காமலே, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. கிருஷிகா பேனையைக் கொப்பியில் வைத்தபடி நின்றாள். மூன்றாம் நிரல் வெறுமையாக இருந்தது. வெள்ளிக்கிழமை சந்தேகத்துக்காகச் சண்டை பிடித்தவள், இன்றைக்கு அதே நிரலில் ஒளிக்கச் சொல்லிக் கேட்கப்படுகிறாள். பேனை நகரவும் இல்லை, உயரவும் இல்லை.

“மூண்டு,” என்றாள் செலீனா.

கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “மொத்தம் பன்னிரண்டு மீன் வந்தது. ஒண்டை நான் வியாழக்கிழமை கறி வைச்சிட்டன். அதுவும் முறிஞ்சுதான் கிடந்தது. அது உங்கட பெட்டியில கிடக்கேல்லை அண்ணை. போட்டில இருந்து நேர என்ர கைக்கு வந்தது.”

பெட்டியும் ஐஸ் கட்டியும் அத்தோடு முடிந்தன.

அமிர்தநாயகம் மனைவியைப் பார்த்தார். பிறகு எழும்பி நின்றார். “மிதந்தது. பொறுக்கினனான்,” என்றார்.

யாரோ ஒருவர் பின்னாலிருந்து கேட்டார், வெடிச்சது ஆர் எண்டு கண்டனீங்களோ என்று. அமிர்தநாயகம் யாகப்பரை ஒருமுறை பார்த்தார். ஒரு முறைதான். “வெடிக்கிற நேரத்தில நான் அங்க இல்லை. பிறகுதான் போனனான். பிறகு போறவனுக்கு என்ன தெரியும்?”

மகள் வியாழக்கிழமை சொன்னது அது. அவர் அதை எடுத்து இந்த வேலைக்குப் பாவித்துக்கொண்டார். ஒரு வருடம் துறையில் போட் ஏற்றக்கூடாது என்று சங்கம் முடிவெடுத்தது. யாகப்பர்தான் எழுதினார். எழுத்துக் கோணலாக இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்; பார்த்தது நான்தான்.

7

இந்த இடத்தில் கதையை விட்டுவிடலாம். சில முடிவுகளை எழுதியும் பார்த்தேன்.

(அ) செலீனா வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். — உண்மையைச் சொன்னால் நான் அவளுடைய இடத்தில் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பேன். ஆகவே செலீனா எனக்கு விளங்காத பாத்திரம். ஒரு புருசனின் துறையைவிட ஒரு மீனின் கணக்குச் சரியாக இருப்பது ஏன் ஒருத்திக்கு முக்கியம்? மூன்று மாதம் கழித்து, கிண்ணம் திருப்பிக் கொடுக்கிற சாட்டில் போய்க் கேட்டேன். “அவர் வெடிக்கேல்லை எண்டு எனக்கு அண்டைக்குத்தான் அக்கா தெரிஞ்சது,” என்றாள். “ரெண்டை மறைச்சிருந்தா அந்த ஒன்பதையும் நான் நம்பியிருக்கமாட்டன்.” அதாவது அவள் சங்கத்துக்காகப் பேசவில்லை. புருசன் வெடிக்காதவர் என்று தனக்குத்தானே உறுதியாக, துறையை விலையாகக் கொடுத்திருக்கிறாள். நான் இதை நம்பலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

(ஆ) அமிர்தநாயகம் பெயரைச் சொன்னார். யாகப்பர் அழுதுகொண்டே மகனைப் பிடித்து — வெட்டிவிட்டேன். யாகப்பர் அழுகிற ஆள் இல்லை. எனக்கு எழுதவும் வரவில்லை.

(இ) பிரான்சிலிருந்து செய்தி வந்தது, பதினேழாவது அடிதான் உலகத்தையே

(இல்லை.)

8

அடுத்த வாரம் விசாக் கடுதாசி வந்தது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ரயில் ஸ்டேசனுக்குப் போக ஓட்டோ படலையில் நின்றது.

நான் தாங்கியின் மேல் நின்றேன். எல்லாவற்றையும் கண்டேன். அந்தச் சனிக்கிழமையிலிருந்து அமிர்தநாயகம் மனைவியோடும் மகளோடும் ஒரு சொல்லும் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பையைத் தூக்கி ஓட்டோவில் வைத்தார். கிருஷிகா ஏறி உட்கார்ந்தாள். செலீனா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் குனிந்து, இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி, ஏதோ சொன்னார். ஏழெட்டுச் சொல் இருக்கும். கிருஷிகா ஓட்டோவிலிருந்து இறங்கினாள். செலீனா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அது சிரிப்பா அழுகையா என்று தோளைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். ஓட்டோக்காரன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான்.

என்ன சொன்னார்?

மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. என்னுடைய மோட்டர். அவளுடைய பரிசோதனை வாரம் முடிந்துவிட்டது, இனி என்ன என்று நான்தான் போட்டிருந்தேன், தாங்கி நிரம்பட்டும் என்று. ஆறு வருடம் காத்திருந்த ஒரு வசனத்தை முப்பதாயிரம் ரூபாய் மோட்டரின் இரைச்சல் விழுங்கிவிட்டது. சொல்ல முன்னர் அவர்கள் எப்படி நின்றார்கள் என்று என்னிடம் இருக்கிறது. சொன்ன பிறகு எப்படி நின்றார்கள் என்றும் இருக்கிறது. அடி விழுந்த அந்த நேரம் மட்டும் இல்லை.

செலீனாவிடம் மூன்று தரம் கேட்டேன். “பாத்துப் போ எண்டவர்” என்கிறாள். பாத்துப் போ என்றால் ஒருவரும் ஓட்டோவிலிருந்து இறங்குவதில்லை. ஆகவே இந்தக் கோட்டை உங்களுக்காக விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் ஒருவர் பத்து நாள் பேசாமல் இருந்து பேசியிருந்தால், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்:

“……………………………………………………”

மிச்சம் எனக்குத் தெரியும். றொட்னி தவக்காலத்துக்கு முன்னரே பேசாலைப் பக்கத்து றொஷேலைக் கல்யாணம் செய்தான்; இரண்டு பேரும் இத்தாலிக்குப் போய்விட்டார்கள். அவசரக் கல்யாணம். ஏன் அவசரம் என்று நான் எழுதவில்லை, கல்யாணம் என்றுதான் எழுதுகிறேன். அவன் போன பிறகு யாகப்பர் தலைவர் பதவியை விட்டார். ஆதம்பாவாவின் லொறி இப்போது முசலிப் பக்கமும் போகிறது, ஏனென்றால் அமிர்தநாயகம் அந்தக் கரையில், செலீனாவின் தம்பியின் மீன்வாடியில், போட்டைக் கட்டியிருக்கிறார். தடை ஒரு வருடம்தான், அது முடிந்து எட்டு மாதமாகிறது, திரும்பி வரவில்லை. போன மாசியில் செலீனாவும் அங்கே போய்விட்டாள். வீட்டுத் திறப்பு என்னிடம்தான். கிருஷிகா இன்னும் கல்யாணம் செய்யவில்லை, கேட்டேன். அவளுடைய கட்டுரை வந்திருக்கிறது என்று தாய்க்கு ஒரு படம் அனுப்பினாள், தாய் எனக்குக் காட்டினாள். எல்லாப் புள்ளிகளும் ஒரு கோட்டில் கறுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கோட்டுக்கு வெளியே வெறும் வட்டமாக நின்றது. பதினேழு. கீழே சின்ன எழுத்தில், காரணம் தெரியவில்லை என்று போட்டிருக்கிறார்களாம்.

நான் இப்போது காலை ஐந்து மணிக்கே மோட்டரைப் போட்டு, விடிய முன்னர் நிறுத்திவிடுகிறேன். பகல் முழுவதும் வளவில் அமைதி. பக்கத்து வீட்டில் ஒருவரும் இல்லை.